தொட்டியில் தொங்கும் அட்டை

காலை வெயில் ஆய்வுகூட யன்னலால் சரிந்து தொட்டித் தண்ணீரில் விழுகிறது. ஆராய்ச்சிக்கு வளர்க்கும் நகத் தவளை அடியில் அசையாமல் கிடக்கிறது. அதைச் சுற்றிக் கடுகு கொட்டினாற்போல நூற்றுக்கணக்கில் முட்டைகள். நேற்று மாலை அதற்கு முட்டையிட வைக்கும் ஊசி போட்டவள் ரேச்சல். "அக்கா, உங்கடை கைராசியே கைராசி! நீங்கள் போட்டால் ஒருநாளும் பிழை வராது," என்று ஆராய்ச்சி மாணவன் கீர்த்திகன் நுணுக்குக்காட்டியைத் துடைத்தபடி சொல்கிறான். ரேச்சல் சிரித்து வைக்கிறாள். பிள்ளை வேண்டிக் கிளினிக்குக்குப் போன அவளுக்கும் இதே மருந்தைத்தான் மூன்று மாதமாக ஏற்றினார்கள். அடிவயிற்றில் ஊசி பட்ட நீலம் இன்னும் மாறவில்லை. இன்று விடியக் குளியலறையில் இரத்தம் கண்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறாள். மேசையில் கைபேசி அதிர்கிறது, கணவன் நதானியேல். "இந்த முறையும் சரிவரேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். ஒரே அழுகை. இந்த மாதமே ஊசியைத் திரும்பத் தொடங்கட்டாம்." "எனக்கு ஏலாமல் கிடக்கப்பா. கொஞ்ச நாள் விடுங்கோவன்." "வயசு போகுதெல்லோ, ரேச்சல்," என்கிறான் அவன், அன்பாகவே. அவள் "ஓம்" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். கீர்த்திகன் தொட்டியை எட்டிப் பார்க்கிறான். "நல்லாய் இடுற தவளை. அடுத்த கிழமையும் இதுக்கே போடுவமே, அக்கா?" "உமக்கென்ன விசரே? அதின்ரை உடம்பு தாங்குமே?" அவள் குரலில் அவன் திடுக்கிட்டு விலகி நிற்கிறான். ரேச்சல் தொட்டியில் தொங்கும், தவளையின் ஊசிக் குறிப்பு எழுதும் அட்டையை இழுத்து, ஆய்வுகூட விதிப்படி திகதியிட்டு, பேனை முனை அட்டையில் பதிய எழுதுகிறாள்: 'மூன்று மாதம் ஓய்வு. ஊசி போடக்கூடாது.'