முள்ளம்பன்றி கேட்ட கேள்வி

காட்டில் யாருக்கு என்ன தேவைப்பட்டாலும் ஆலமரப் பொந்திலிருக்கும் கிளியைத்தான் கேட்பார்கள். பேச்சுத்துணை தேடி வருகிறவர்களிடம் தன் பெயரைச் சொல்லும்படி முள்ளம்பன்றி அதனிடம் கேட்டு வைத்திருந்தது.

ஒருவரும் வரவில்லை. கிளி சொல்கிறதா இல்லையா என்று சந்தேகம். நேரே கேட்க வெட்கம். அதனால் மரத்தடிக்குப் போய்க் குரலை மாற்றி, "பேச்சுத்துணைக்கு யாராவது உண்டா?" என்றது.

"ஆற்றங்கரை முள்ளம்பன்றி இருக்கிறாரே! அருமையான ஆள்," என்றது கிளி, பொந்துக்குள் இருந்தபடியே.

தன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி முள்ளம்பன்றி கேட்டதேயில்லை. மறுநாளும் போனது. பிறகு காலையும் மாலையும் போனது, ஒவ்வொரு தடவையும் வேறொரு குரலில்.

ஒருநாள் கிளி, "உடும்பிடம் போங்கள்," என்றது.

"ஏன், அந்த முள்ளம்பன்றி?"

"நாற்பது பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்தர்கூட அங்கே போகவில்லை. ஆகாத ஆள் போலிருக்கிறது, நிறுத்திவிட்டேன். நான் என்ன சொல்கிறேன் என்று அவரே நேரில் வந்து கேட்டிருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன். அவர் கேட்பதை இந்தக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டேன்."

முள்ளம்பன்றி திரும்பி நடந்தது. வழியில், உடும்பின் வளைக்குள் பேச்சுத்துணைக்குப் புதிதாக வந்த ஒரு கீரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.