கடலைப் பார்த்த பள்ளிக்கூடம்

“செருப்பை மணல்ல புதைச்சு வெச்சிட்டு அலையில இறங்குவோம். திரும்பி வந்தா எங்க புதைச்சோம்னே தெரியாது. வெறுங்காலோட வீட்டுக்குப் போய் உதை வாங்கினதுதான் மிச்சம்!” மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “நீயும் புதைச்சிருப்பியேம்மா?”

எதிரே இருந்த பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு, “ஆமா சார், ரெண்டு ஜோடி தொலைச்சிருக்கேன்” என்றாள்.

கடலைப் பார்த்த வீடுகள் விற்கும் நிறுவனம் அது. விற்பனைப் பெண் வேலைக்கு நேர்காணல். சான்றிதழில் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்ததுமே மேலாளர், “அட, நம்ம பள்ளிக்கூடம்!” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கோடை விடுமுறையும் கடற்கரையும்தான்.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான், படித்தது புவியியல். அங்கி போட்டு எடுத்த படம் கூடத்தில் தொங்குகிறது. இந்த வேலையும் கைநழுவினால் திங்கட்கிழமை முதல் சித்தப்பாவின் டயர் கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. சித்தப்பா நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

அவளுக்கு எதிரி அவள் வாய்தான். இதற்கு முன் போன இடத்தில், “உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?” என்று கேட்டார்கள். “இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பொறுமையாப் பதில் சொல்ல வராது” என்று சொல்லிவிட்டு வந்தாள். அதனால்தான் இன்று அக்கா இந்த அலுவலக வாசல்வரை கூடவே வந்து, கையைப் பிடித்து முறுக்கிச் சொல்லியிருந்தாள்: “இன்னிக்கு ஒரு நாளாவது அந்த நாக்கைச் சுருட்டி உள்ள வெச்சுக்கடி. புண்ணியமாப் போகும்.”

“கணக்கு டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்களே, ‘இடிமுழக்கம்’?” என்றார் மேலாளர்.

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. “எங்களுக்கும் அவங்கதான் சார்! ஆறாம் வகுப்புல அவங்க வாய்ப்பாடு கேட்டா, மாடியில இருக்கிற பத்தாம் வகுப்பு எழுந்து நின்னு பதில் சொல்லும்!”

“அதே, அதே!” மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் குரலுக்குப் பயந்து மத்தியானம் பின்பக்கச் சுவரேறிக் குதிப்போம். குதிச்சா நேரா மணல். இல்லியா?”

அவள் கைக்குட்டை நுனியை விரலில் சுற்றினாள். “ஆமா சார். நேரா… மணல்தான்.”

“பரீட்சை முடிஞ்ச அன்னிக்குச் சீருடையோட தண்ணியில விழுவோம். காயப்போட்டா சட்டை அட்டை மாதிரி விறைச்சு நிக்கும்!”

“உப்பு சார். கடல் தண்ணியில நூத்துக்கு மூணரைப் பங்கு உப்பு.”

“எவ்வளவு நுணுக்கமா ஞாபகம் வெச்சிருக்கே! அந்தக் காத்து ஞாபகம் இருக்கா?”

“பகல்ல கடல் காத்து வீசும், ராத்திரியில நிலக் காத்து வீசும் சார்” என்று கடகடவென்று சொன்னாள்.

“ஆகா! அதே காத்து!” மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “மறக்கவே முடியாத ஒரு நாளைச் சொல்லேன், கேட்போம்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலை நனைந்த பிறகு முக்காடு எதற்கு? “கடைசிப் பரீட்சை அன்னிக்கு சார்… எங்க வகுப்புல முதல் மார்க் வாங்கறவ கண்ணாடியை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு. அவ அழுதா, அவளைப் பாத்து நாங்கள்லாம் அழுதோம். மறுநாள் போய் நிக்கறோம், அதே அலை கொண்டாந்து காலடியில போட்டுது. ஒரு கீறல்கூட இல்ல சார்!”

சொல்லி முடித்துவிட்டு அவளே கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

மேலாளர் அவளுடைய சான்றிதழ்க் கோப்பை மெல்ல மூடினார்.

“ரொம்ப நல்லா இருந்ததும்மா. ஆனா நம்ம பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சா சிமெண்டுக் கிடங்குதானே இருக்கும்? அங்கேருந்து கடலைப் பாக்கணும்னா ஒரு ராத்திரி பூரா ரயில்ல வரணுமே!”

அவள் காது மடல் வரை சிவந்தது. சுருட்டி வைத்த நாக்கு அவிழ்ந்துகொண்டது.

“தெரியும் சார். நான் கடலையே நேத்து சாயங்காலம்தான் முதல் தடவையாப் பாத்தேன். செருப்பு, மணல்னு ஆரம்பிச்சது நீங்க. இல்லைன்னு சொன்னா திமிர் பிடிச்சவம்பீங்க. ஆமான்னு சொன்னா பொய்க்காரிம்பீங்க. வயித்துப் பாட்டுக்கு வர்றவங்களை வெச்சு விளையாடறதுக்குப் பேருதான் நேர்காணலா?”

கோப்பைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தாள். டயர் கடையே மேல். டயராவது மனுஷனைச் சோதிக்காது.

“எங்கம்மா கிளம்பிட்டே? நாளைக்குக் காலையில வேலையில சேந்துடு.”

கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. “இவ்வளவு பொய் சொன்ன எனக்கா?”

மேலாளர் அறைக்கு வெளியே யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாம விக்கிற வீட்லேருந்தும் கடல் தெரியாதும்மா.”