இடுப்புப் பிடித்த ஊர்

டாக்டருக்குக் காலையிலிருந்தே இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கடல் தாண்டி இந்த மலையூருக்கு, ஒரு வாரம் இலவச வைத்தியம் பார்க்க வந்தவர். பள்ளிக்கூட அறைக்கு வந்த அத்தனை பேருக்கும் ஒரே வியாதி, இடுப்பு வலி. கொண்டுவந்த களிம்பெல்லாம் காலி. கடைசிக் குழாயை மட்டும் தனக்கென்று சட்டைப்பையில் ஒளித்து வைத்திருந்தார்.

விறகுக்காரி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்ப் பெண். காலையிலிருந்து எல்லோர் வலியையும் மொழிபெயர்த்துச் சொன்னவள், கடைசியில் தானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உனக்குமா? எப்ப இருந்தும்மா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து சார்."

"எல்லாருமே நேத்துன்னுதான் சொல்றாங்க!" டாக்டர் அவசரமாக முகக்கவசத்தை மாட்டினார். "இது தொத்து வியாதியேதான். எல்லாரும் ஒரே தண்ணியக் குடிச்சீங்களா?"

"ஒரே ஜீப்புல இருந்து இறக்கினோம்."

"எதை?"

"நல்லா கேட்டீங்க போங்க! நேத்து நீங்க வந்த ஜீப்பு அடிவாரத்தோட நின்னுடுச்சு. உங்க மருந்துப் பெட்டியெல்லாம் றெக்கை முளைச்சா மேல வந்துச்சு? நீங்க வெறுங்கையை வீசிட்டு ஏறினதுக்கே நாலு இடத்துல உக்காந்தீங்க. வந்ததும் குறட்டை விட்டீங்க."

"யாருமே சொல்லலையே!"

"எங்க வலிக்குதுன்னுதானே கேட்டீங்க? எதனாலன்னு கேக்கலையே. இடுப்பு வலிக்கான மருந்து இவ்வளவு கனக்கும்னு எங்களுக்கு மட்டும் தெரியுமா?"

டாக்டர் அசடு வழிய, ஒளித்து வைத்த குழாயை எடுத்து நீட்டினார். அவள் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, மிச்சத்தை அவர் கையிலேயே திணித்தாள்.

"வச்சுக்கங்க, தேவைப்படும். அடிவாரத்துல இன்னும் ஒரு பெட்டி கிடக்கு. அதைத் தூக்கிட்டு வர வேண்டியது உங்க பாக்கி."