பீமபுஷ்டிக்கு ஒரு கடுதாசி

டானிக் கம்பெனியின் ரேடியோ நிகழ்ச்சிக்குக் கடுதாசி போட்டுவிட்டு ஜெயலெட்சுமி லுணுகலை டவுனிலிருந்து நடந்து திரும்புவதற்குள், அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டியம்மா, பீமபுஷ்டி டானிக்கு வெறும் சீனித்தண்ணின்னு மூணு மாசமா புருசனோட மல்லுக்கு நின்ன. இப்ப நீயே அதப் பத்தி ரேடியோவுக்கு எழுதிப் போட்டியாமே?"

"ஆமாக்கா."

"கூசாம ஆமாங்கிறா பாரு! அது நாக்கா, தோசைக் கரண்டியா? ரெண்டு பக்கமும் பெரட்டிப் போடுதே!"

ஜெயலெட்சுமி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ரெங்கம்மா கேட்டதிலும் தப்பில்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் நடந்த கூத்து அப்படி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரேடியோவில் பீமபுஷ்டி நிகழ்ச்சி. அறிவிப்பாளரின் குரல் கித்துள் பாணிப் பாகு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும்.

"அன்பு நேயரே! உங்களைத்தான் கேட்கிறேன்! காலையில் எழும்ப மனமில்லையா? மாலையில் கைகால் ஓய்ந்து போகிறதா? சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா?"

ஜெயலெட்சுமியின் புருசன் கணபதி, விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்ட மாதிரி விறைப்பாக எழுந்து நிற்பான்.

"ஆமாங்க! ஆமாங்க! ஆமாங்க!"

பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்புவான். "அடியே, அந்த மனுசன் கொழும்புல இருக்காரு. எனக்குள்ள கோளாறு பூராவும் அவருக்கு எப்படிடி தெரியுது?"

"மலை ஏறி எறங்குனா யாருக்குங்க கைகால் ஓயாது? சோறு தின்னா பெரிய தொரைக்குந்தான் தூக்கம் வரும். இதே கேள்வியப் போயி மாட்டுப்பட்டியில கேளுங்க. மாடு பூராவும் தலைய ஆட்டும்."

"ஒனக்கு வெளங்காது. குடிச்ச அன்னைக்கே என்னா ஒரு வேகம், பாத்தியா?"

அன்றைக்கு அந்த வேகத்தில் கட்டிலிலிருந்து குதித்து எழும்பி, இடது கால் சுளுக்கி, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அதை அவன் டானிக்கின் கணக்கில் சேர்க்கவில்லை.

"சரி, என்னைய விடு. கடைசியில கடுதாசி படிக்கிறாங்கல்ல? அதெல்லாம் நம்மள மாதிரி சனங்க எழுதுறதுதான? குடிச்சுப் பாத்து, கொணம் கண்டு, ஊரு பேரோட எழுதுறாங்க. விசாரிக்காமலா ரேடியோவுல படிப்பாங்க?"

இந்தக் கேள்வியை மட்டும் ஜெயலெட்சுமி மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஐந்து கோழி இருந்தது. கடையில் ஒரு கோழியைக் கொடுத்தால் ஒரு போத்தல். நாலு கோழி அப்படியே டானிக்காகி, கணபதியின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. பெரிய கோழியில் மிச்சம் ஒன்றே ஒன்று.

"இத மட்டும் விட்டுருங்க. இதுவும் போனா வீட்டுல முட்டைங்கிற பேச்சே இருக்காது" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"அஞ்சு போத்தல் குடிச்சாத்தான் ஒடம்புல ஒட்டுமாம். ரேடியோவுல சொன்னாங்க."

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கடுதாசியை எழுதினாள். விசயம் தெரிந்ததும் கணபதிக்குத் தலைகால் புரியவில்லை. லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "எம் பொண்டாட்டியே திருந்திட்டா, இனி ஒங்களுக்கு என்னா?"

கடுதாசி போட்ட இரண்டாம் ஞாயிறு, அந்தக் கடைசிக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

"இருங்க, கடுதாசி வருதான்னு கேட்டுட்டுப் போங்க" என்று ஜெயலெட்சுமி ரேடியோவைத் திருகினாள். ரெங்கம்மாவும் வந்து வாசலில் குந்திக்கொண்டாள்.

"இந்த வார முதல் கடிதம்! லுணுகலை மேல்மலைத் தோட்டத்திலிருந்து திருமதி செவத்தாயி எழுதுகிறார்!"

"அட, நம்ம தோட்டம்டி!" என்றாள் ரெங்கம்மா.

"'மூன்று வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கிடந்தேன். சாப்பாட்டில் மனம் போகவில்லை. உடம்பெல்லாம் கணகணவென்று சூடு. யார் கிட்ட வந்தாலும் சீறி விழுவேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு பீமபுஷ்டி போத்தல் வந்தது. இப்போது விடியுமுன் எழும்புகிறேன். என் பதினொரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றி வருகிறேன். களைப்பே தெரியவில்லை.'"

அறிவிப்பாளரின் குரல் தழுதழுத்தது. "பதினொரு பிள்ளைகளின் தாய்! நேயர்களே, அந்தத் தாயின் முகம் இப்போது என் கண்முன்னே தெரிகிறது! அவர் பொய் சொல்வாரா?"

ரெங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதினோரு புள்ள! மகராசி! கணபதி, கொஞ்சம் நில்லு, எங்க வீட்டுச் சேவலையும் பிடிச்சுத் தாரேன். எனக்கும் ஒரு போத்தல் வாங்கிட்டு வா."

கணபதி நெஞ்சை நிமிர்த்தினான். "கேட்டியாடி? இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனவன் திரும்பினான்.

"ஆமா, நீ எழுதுனது வரலியே? இது யாரு செவத்தாயி? நம்ம தோட்டத்துல எனக்குத் தெரியாத பொம்பளையா?"

"நான் எழுதுனதுதாங்க அது. பாவம், அவளுக்கு எழுத்து வராது. அதான் அவ பேருல நான் எழுதுனேன். அவளப் பத்தி ஒரு வரி பொய் கெடையாது."

"ஆளு யாருடி?"

"ஒங்க கக்கத்துலதாங்க இருக்கா. மெதுவா எறக்கி விடுங்க, பதினோரு புள்ளைகளும் அம்மாவத் தேடிக் கத்துதுக."