தாழ்ந்த திரை

கைபேசி பழுதுபார்க்கும் கடைக்குள் மேசைவரை வெயில் வந்திருக்கிறது. கண் எரிச்சல் தாங்காமல், இந்த வேலையே வேண்டாமென்று காலையில் அழுதவள் மறுபடி உட்கார்கிறாள். நுண்ணோக்கியின் திரை அவள் நெற்றிக்கு மேலே நிற்கிறது. முன்னால் கல்லாவிலிருந்த நாத்தனார் எழுந்து வருகிறாள். "சாமி கும்பிடுற மாதிரி நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தா கண்ணு எரியாம என்ன செய்யும், அண்ணி?" திரைத்தண்டின் திருகைத் தளர்த்தித் திரையை மோவாய்க்கு நேராக இறக்குகிறாள். கீழ்நோக்கிப் பார்க்கையில், உட்கார்ந்திருப்பவளின் இமைகள் தாமாகவே பாதி தாழ்ந்து கண்ணைக் காயவிடாமல் மூடுகின்றன. தலைமுடி போன்ற கம்பியை உருகிய ஈயம் பிடிக்கிறது, மெல்லிய புகை சுருண்டு கலைகிறது. ஒரு போன் முடிந்து அடுத்ததும் முடிகிறது, கண்ணில் குளிர்ச்சி. "இப்ப எப்படி அண்ணி?" இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, நாத்தனாரின் கையை எடுத்துத் தன் இரு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறாள்.