தற்காலிக இணைப்பு

மத்தியான வெயில் சர்வர் அறையின் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகிறது. உள்ளே விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, மடியில் லேப்டாப்போடு அவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் ஓடும் கணினி வலையமைப்பில் ஒவ்வொரு பகுதியும் மையப் பகுதியைத் தொட்டாக வேண்டும். புதுக் கட்டடம் தொட்டிருக்கவில்லை. அதனால் இடையிலிருக்கும் பழைய கட்டடத்தின் ஊடாக, நேரே கேபிள் இருப்பதுபோல ஒரு மெய்நிகர் இணைப்பைப் போட்டுவைத்தவள் அவன் மனைவி. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. ரௌட்டரில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘தற்காலிகம். கேபிள் வந்ததும் எடுக்கவும்.’ “நேத்தே கேபிள் போட்டாச்சே தம்பி, இன்னுமா எடுக்கல?” போன் ஸ்பீக்கரில், புதுக் கட்டடத்தில் வேலை பார்க்கும் அக்காவின் குரல். “எடுக்கறேன்க்கா.” “ரெண்டு மாசத்துக்குன்னு போட்டா, ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. கெட்டிக்காரிடா அவ.” நீக்கும் கட்டளையை அடித்துவிட்டு விரலை என்டரின்மேல் வைத்திருக்கிறான். திரையின் ஓரத்தில், இணைப்பு இருக்கிறதா என்று கேட்கும் சோதனைக்குப் புதுக் கட்டடத்திலிருந்து நொடிக்கு ஒரு பதில் வந்துகொண்டிருக்கிறது. ஒன்றாவது தவறினால் தேவலை என்றிருக்கிறது அவனுக்கு. அழுத்துகிறான். பதில்கள் நொடி தப்பாமல் வருகின்றன. “எடுத்துட்டேன்க்கா.” “எடுத்துட்டியா? இங்க ஒருத்தருக்கும் தெரியவேயில்ல தம்பி.”