நேரடிச் சோதனை

கப்பலிலிருந்து எண்ணெயைக் கரைக்கு இறக்கும் ரப்பர் குழாயை வருடத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். இரு முனைகளையும் இரும்புத் தட்டால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி, குழாய் எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார்கள். பிறகு தட்டைக் கழற்றி, விளக்கடித்து உட்புறம் பார்ப்பார்கள். அரை நாள் வேலை.

கோவை கணபதியில் சோதனைக்கூடம் நடத்தும் நஞ்சுண்டன் இதை நான்கே நிமிடத்தில் முடிப்பார். போன வருடச் சான்றிதழில் தேதியை மாற்ற அதற்கு மேல் எதற்கு? அவர் கடலைப் பார்த்தே மூன்று வருடமாகிறது.

அதனால்தான், துறைமுகத்திலிருந்து வருவதாகச் சொல்லி எதிரே உட்கார்ந்த அதிகாரி புவனா, பதினான்காம் எண் குழாயைப் பற்றிக் கேட்டதும் அவர் போன வாரம் அதற்குக் கொடுத்த சான்றிதழின் நகலை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினார். வெடித்துத் தொலைத்துவிட்டது போலிருக்கிறது. சோதிக்காதது தெரிந்தால் உரிமம் போய்விடும்.

“போன திங்கக்கிழமை நீங்களே நேர்ல போயிப் பார்த்தீங்களாங்க?”

“பின்னே? நம்ம பொறுப்பாச்சுங்களே.”

“பார்க்காமயே கையெழுத்துப் போட்டிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. அது சின்னத் தப்புத்தான்.”

நஞ்சுண்டன் புண்பட்டுப்போனார். முப்பது வருட நேர்மையைச் சந்தேகிப்பதா என்று கேட்டார். கூடம் தொடங்கி ஒன்பது வருடம்தான் ஆகிறது என்பது வேறு விஷயம். அன்றைக்கு அடித்த வெயிலையும் குழாய் நீண்ட அளவையும் விவரித்தார். காகிதத்தில் படமே போட்டுக் காட்டினார்.

எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார் புவனா. நஞ்சுண்டன் உற்சாகமாக இரண்டு பக்கம் எழுதினார். தட்டைத் தன் கையாலேயே கழற்றியதாகவும், முனைக்கு முனை விளக்கடித்துப் பார்த்ததாகவும், உள்ளே ஒரு தூசிகூட இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

உரிமம் தப்பியது. காபி வரவழைக்கட்டுங்களா என்றார்.

புவனா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சுங்கத்துறைங்க. ரெண்டு மாசமாவே உள்ள சரக்கோட கெடந்த அந்தக் குழாயை நேத்துத்தான் தொறந்தோம். நீங்க வெளக்கடிச்சுப் பார்த்தும் சொல்லாம விட்ட முப்பது கிலோ தங்கம் யாருதுன்னு போற வழியில பேசிக்கலாம், வாங்க.”